ஒன்பது பெண்களின் பெயர் எழுதிய அட்டை

தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்று நான் கை தூக்கியதால்தான் அந்த ஒலிப்பதிவு அறைக்குள் போனேன். அப்போது ஃபிஜித் தலைநகர் சுவாவில் ஒரு நூலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டைக் காலி செய்த ஒருவர் ஒரு பெட்டி நிறையப் பழைய இசைத்தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தட்டுகளின் நடுவே ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் தமிழ் எழுத்து. படிக்க ஆளில்லை. மேலதிகாரி கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, மதராசிகள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்.

நான் பிறந்து வளர்ந்தது ரராவாய். அப்பா சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். எங்கள் பள்ளிக்கூடத்தில் வாரத்தில் சில நாள் தமிழ் வகுப்பு இருந்தது. வீட்டில் பேச்சு இந்திதான். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாத விஷயம் என்றால் மட்டும் அம்மாவும் அப்பாவும் தமிழுக்கு மாறுவார்கள். அதனாலேயே தமிழ் என்றால் எனக்குக் காது நீளும். இப்போது நான் எழுதுகிற இந்தத் தமிழ், ஆக்லாந்துக்கு வந்த பிறகு புத்தகங்கள் வாங்கிப் படித்துத் தேற்றிக்கொண்டது. அன்றைக்கு என்னிடம் இருந்தது எழுத்துக் கூட்டும் அளவுக்குத்தான்.

இரண்டு நாள் வேலை என்று சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். ஆறு வருஷம் அங்கேயே இருந்துவிட்டேன். அதற்குக் காரணம் அந்த அறையைப் பார்த்துக்கொண்ட பெண்.

அவர் சவுசவு பக்கத்துப் பூர்வகுடி ஃபிஜிக்காரர். அவருடைய அப்பா கொப்பரைக் கிடங்கில் வேலை செய்தவர். கிடங்கை ஒட்டி எங்கள் இந்திய வம்சாவளி ஆட்கள் நாலைந்து வீடு இருந்ததால் சிறு வயதிலிருந்தே இந்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னைவிட மூன்று வயது மூத்தவர். நல்ல உயரம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நடக்கிற சத்தம் பதிவைக் கெடுக்கும் என்று செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார். வருகிறவர்கள் எல்லாரும் அவரை மராமா என்று அழைப்பார்கள். ஃபிஜி மொழியில் மரியாதைக்குரிய பெண்ணை அப்படித்தான் சொல்வது. நானும் அப்படியே அழைத்தேன். எங்களுக்குள் பேச்சு எப்போதும் இந்தியில்தான். இங்கே அதைத் தமிழில் தருகிறேன்.

நூலகங்களில் ஒலிப்பதிவுக்கு அட்டை எழுதுவது பெரிய காரியம் இல்லை. மேலே ஒட்டியிருப்பதைப் பார்த்துக் கீழே எழுதினால் முடிந்தது. மராமா அப்படிச் செய்ய மாட்டார். முழுக்கக் கேட்காமல் ஒரு அட்டைகூட எழுதியதில்லை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கையில் பென்சிலோடு, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். யார் பாடினார்கள், எந்த ஊர், முதல் அடி என்ன, எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் எழுதிவிட்டு, அதற்குக் கீழே பாட்டுக்குச் சம்பந்தமில்லாத சத்தங்களையும் எழுதுவார். ஒன்பதாவது நிமிஷத்தில் தகரக் கூரையில் மழை. பதினான்காவது நிமிஷத்தில் குழந்தை அழுகிறது, யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதெல்லாம் எதற்கு என்று முதல் வாரத்திலேயே கேட்டேன்.

"இங்க இருக்கிற ஈரத்துக்கு மேல ஒட்டின காகிதம் உரிஞ்சு விழுந்துடும். அப்புறம் எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்றார்.

அதைவிட என்னை அசத்தியது மொழிகள் விஷயத்தில் அவர் பட்ட பாடு. பழைய அட்டைகளில் எங்கள் ஜனங்களின் பாட்டெல்லாம் இந்தியப் பாட்டு என்ற ஒரே தலைப்பில் கிடந்தது. அதைத் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று பிரித்தே தீருவேன் என்று அவர் உட்கார்ந்தார். எனக்குத் தமிழ் தெரியும், மற்றது தெரியாது. சனிக்கிழமை காலை சின்ன டேப் ரெக்கார்டர் ஒன்றைக் கூடையில் வைத்துக்கொண்டு காய்கறிச் சந்தைக்குப் போவார். கத்தரிக்காய் விற்கிறவர்கள், வெண்டைக்காய் விற்கிறவர்கள் முன்னால் குந்தி, ஒரு நிமிஷப் பாட்டை ஓடவிட்டு, இது என்ன பாஷை என்று கேட்பார். தெலுங்கு என்று ஒருவர் சொன்னால் போதாது. இன்னும் இரண்டு பேர் சொன்ன பிறகுதான் திங்கட்கிழமை அட்டையில் ஏறும். ஒருமுறை ஒரு டாக்சி ஓட்டுநர் பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன் என்று நின்றுவிட்டாராம். அன்று மராமா அரை மணி தாமதமாக வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எண்பத்தேழாம் வருஷம் மே மாதம், எங்கள் ஆட்களின் ஆதரவில் வந்த அரசாங்கத்தைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எங்கள் ஆட்கள் அதைக் 'கூ' என்று ஒரே எழுத்தில் சொல்லிவிடுவார்கள். கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. நூலகமும் மூடப்பட்டது. மறுபடி திறந்து எல்லாரும் வேலைக்கு வர வேண்டும் என்று தகவல் வந்தபோது, போவதா வேண்டாமா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வாக்குவாதம். எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. மராமாவின் தம்பி ராணுவத்தில் இருந்தான். ஒரே அறையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்காருவது என்று தெரியவில்லை.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நிறுத்தத்தில் மராமா நின்றிருந்தார். அவர் வீடு எதிர்த்திசையில். நூலகத்தைத் தாண்டி நடந்து வந்திருக்கிறார். என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். சிப்பாய்கள் நின்ற முனை வந்தபோது என்னை உள்பக்கம் விட்டு அவர் தெருப்பக்கம் வந்தார். மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும். கிட்டத்தட்ட ஒரு மாதம், மழை நாள்களிலும் குடையோடு, அந்த நிறுத்தத்தில் நின்றார்.  தம்பியைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். அவன் செய்வது அவனுக்கே புரியவில்லை, அம்மா தினமும் அழுகிறாள் என்றார். சொல்லிவிட்டுக் காதுக் கருவியை மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஜனங்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர். டாக்டர், வாத்தியார், கணக்குப் பிள்ளை என்று ஒவ்வொருவராகப் போனார்கள். பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்பதே எல்லா வீட்டிலும் பேச்சு. இசைத்தட்டு கனம், உடையவும் உடையும். தெரிந்தவர்களிடம் கொடுக்கலாம் என்றால் தெரிந்தவர்களும் போகிறார்கள். அப்படி ஒருவர் ஒரு சாக்கில் தட்டுகளைக் கட்டி எங்கள் மாடிக்குத் தூக்கி வந்தார். மராமா அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு தட்டையும் எடுத்து, இதை எப்போது கேட்பீர்கள், யார் வாங்கினது என்று விசாரித்து அட்டையில் எழுதினார். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். அவர் போய் நாலு பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து படியேறி வருகிறவர்கள் நிற்கவில்லை.

இடமில்லை, இனிமேல் வாங்க வேண்டாம் என்று மேலதிகாரி சொன்னார். மராமா சரி என்று தலையாட்டினார். வந்ததையெல்லாம் மேசைக்கு அடியில், ஜன்னல் திட்டில், தன் நாற்காலிக்குப் பின்னால் என்று அடுக்கினார். வைக்க இடமில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் தன்னுடைய அலமாரியைக் காலி செய்து, மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஆணியில் மாட்டிக்கொண்டார்.

அப்படி வந்தவர்களில் ஒரு தம்பதியை என்னால் மறக்க முடியாது. அடுத்த வருஷம் அது. வனுவா லேவு தீவில் புலிலேகாவில் கரும்புக் காணி வைத்திருந்தவர்கள். இருவருக்கும் நாற்பது வயதுக்குக் குறையாது. மூத்த பிள்ளை ஏற்கெனவே கனடா போய்விட்டான். மற்றப் பிள்ளைகளோடு இவர்களும் போகிறார்கள். சவுசவுவிலிருந்து கப்பலில் சுவா வந்து விமானத்துக்குக் காத்திருந்த இரண்டு நாளில் எங்களைத் தேடி வந்தார்கள். அந்த அம்மாள் ஜன்னலோரப் பெஞ்சில், பாஸ்போர்ட் இருந்த கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேசியதெல்லாம் கணவர்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எந்தங்கச்சி கல்யாணத்துல எடுத்தது இது. எங்க ஊட்டுல பொம்பளைங்க அரிசி பொடைக்கிறப்பப் பாடுனாங்க. தம்பி புதுசா ரெக்கார்டர் வாங்கியாந்திருந்தான், சும்மா புடிச்சான். கனடாவுல இத யாரு கேக்கப் போறா தங்கச்சி? இங்க இருக்கட்டும்," என்றார் என்னிடம்.

பாடியவர்கள் யார் என்று மராமா இந்தியில் கேட்டார். யாருமில்லை, எங்கள் ஊர்ப் பெண்கள்தான் என்று அவர் பதில் சொன்னார். மராமா பென்சிலைச் சீவிக்கொண்டார். கேசட்டை ஓடவிட்டார். முறத்தின் சத்தம், வளையல் சத்தம், அதற்கு மேல் பாட்டு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைக் கேலி செய்கிற பாட்டுகள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். கணவர் காதைச் சாய்த்துக் கேட்டு, இது பெரியம்மா, இது கடைக்காரர் பெண்சாதி, இது மேட்டு வீட்டு மூத்த மருமகள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஒரு பெயரும் அவருக்குத் தெரியவில்லை.

"பெரியம்மாவுக்குப் பேரு இருக்கும் இல்ல?" என்று மராமா கேட்டார்.

"இருக்கும். பெரியம்மாவை யாரு பேரு சொல்லிக் கூப்புட்டா?"

மராமா கோபப்படவில்லை, வற்புறுத்தவும் இல்லை. பென்சிலை வைத்துவிட்டுக் கேசட்டைப் பாதியில் நிறுத்தி ஆரம்பத்துக்குச் சுற்றினார். அப்போதுதான் பெஞ்சிலிருந்து அந்த அம்மாள் பேசினார். கணவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏங்க, நான் சொல்லட்டுமா?"

எழுந்து வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கைப்பையைக் கீழே வைத்தார். மறுபடி பாட்டு ஓட, ஒவ்வொரு குரல் வரும்போதும் ஒரு பெயர் சொன்னார். தயக்கமே இல்லை. பெரியம்மாவின் பெயர், கடைக்காரர் மனைவியின் பெயர், மேட்டு வீட்டு மருமகளின் பெயர். சில பெயர்கள் நான் அதுவரை கேட்டே இராதவை. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் தங்கள் ஊர்த் தெய்வங்களை நினைத்து வைத்த பெயர்களாக இருக்கும். கணவர் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"நெல்லு நடவுல நாங்க பேரு சொல்லித்தான் கூப்புட்டுக்குவோம். ஆம்பளைங்க இருந்தா சொல்ல மாட்டோம்," என்றார் அந்த அம்மாள்.

எட்டுப் பெயர் ஆயிற்று. கடைசிப் பாட்டில் ஒரு புதுக் குரல் வந்தது. இளங்குரல், மற்றவர்களைவிட ஒரு பிடி மேலே. மாப்பிள்ளையின் அக்காவை வம்புக்கு இழுத்து ஒற்றை ஆளாக நாலு அடி பாடியது. பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். கணவர் ரசித்துக் கேட்டுவிட்டு, இது யார், நன்றாகப் பாடுகிறாளே என்றார். அந்த அம்மாள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார். மராமா கேசட்டைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டோடு சேர்ந்து அவை அசைந்ததை நானும் அப்போதுதான் கவனித்தேன்.

"நீங்கதானா?" என்றார் மராமா.

அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். கல்யாணமாகி வந்து நாலு மாதம்தானாம் அப்போது.

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே," என்றார் கணவர்.

"நீங்க அன்னிக்கு அடுப்புக்குக் குழி வெட்டிக்கிட்டு இருந்தீங்க."

ஒன்பதாவது பெயரை எழுதும்போது, கணவர் பெயரையும் சேர்த்துப் போடவா என்று மராமா வழக்கம்போல் கேட்டார். வேண்டாம், என் பெயர் மட்டும் போதும் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். கணவர் அட்டையை எட்டிப் பார்த்தார். சிரித்ததுபோல்தான் இருந்தது. பிறகு மராமா என்னை உட்கார வைத்து, பாட்டின் முதல் அடிகளைத் தமிழில் எழுதச் சொன்னார். கேட்டதை எழுத்துக் கூட்டி எழுதினேன். அட்டையின் அடியில், தமிழ் எழுதியவர் என்று போட்டு என் முழுப் பெயரையும் அவரே எழுதினார். எனக்கு எதற்கு என்றேன். யார் எழுதினது என்று தெரிந்தால்தான் நாளைக்குத் தப்பு இருந்தால் அவரிடம் கேட்க முடியும் என்றார்.

அவர்கள் விமானம் ஏறிய வாரத்திலேயே மராமா அந்தக் கேசட்டுக்கு ஒரு நகல் எடுத்தார். ஒலிப்பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள ஆஸ்திரேலியாவில் ஒரு காப்பகத்தோடு எங்களுக்கு ஏற்பாடு இருந்தது. எங்களிடம் மட்டும் இருக்கிற பதிவு என்று தோன்றினால் நகலை அங்கே அனுப்பிவிடுவார். அனுப்பியதற்கு அடையாளமாக அட்டையின் மேல் மூலையில் ஒரு சின்ன எண் போடுவார். இந்த அட்டைக்கும் போட்டார்.

அதற்கு அடுத்த வருஷம் நாங்களும் கிளம்பினோம். அலுவலகத்தில் என் வீட்டுக்காரருக்கு வர வேண்டிய உயர்வு இரண்டு முறை தட்டிப் போயிருந்தது. நியூசிலாந்துக்கு விண்ணப்பித்தோம், கிடைத்தது. கடைசி நாள் மராமா என்னைக் கட்டிக்கொண்டார். நான் அழுதேன். அவர் அழவில்லை. மறுநாள் அட்டை எழுத வேண்டிய தட்டுகளில் தமிழ் எத்தனை என்று எண்ணி எடுத்து, அதையெல்லாம் படித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று முன்னால் வைத்தார். மாலை வரை படித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

ஆக்லாந்தில் முதலில் ஒரு பேக்கிங் தொழிற்சாலை, பிறகு வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குகிற வேலை, பிறகு அங்கேயே மேசை வேலை. இரண்டாயிரத்தில் ஃபிஜியில் இன்னொரு கூ நடந்தபோது மராமாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஓய்வு பெற்றுச் சவுசவு போய்விட்டிருந்தார். ஒலிப்பதிவு அறையை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். ஜன்னல் இல்லாத இடம் என்று மட்டும் சொன்னார்.

சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கனடாவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியவள் புலிலேகாத் தம்பதியின் கடைசி மகள். கோயிலில் விசாரித்து, யார் யாரையோ கேட்டு என் எண்ணைப் பிடித்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் இந்தியில் பேசினாள். அவளுடைய அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு தவிப்பில் அம்மாவின் பெயரைக் கணினியில் தட்டித் தேடியிருக்கிறாள். எங்கள் பழைய நூலகம் அட்டைகளைப் படமெடுத்து, அதிலுள்ள பெயர்களோடு இணையத்தில் போட்டிருந்தது. அம்மாவின் பெயருக்கு நேராகப் பாடியவர் என்று ஒரு அட்டை வந்து நின்றதாம். வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தாளாம். கூட இருந்த எட்டுப் பெயர்களில், அம்மா சொல்லிக் கேட்டிருந்த பெரிய பாட்டியின் பெயரைக் கண்டதும் அப்பாவிடம் ஓடியிருக்கிறாள்.

"ஆன்ட்டி, அம்மா பாடுவாங்கன்னே எங்களுக்குத் தெரியாது. வீட்ல முணுமுணுத்துக்கூடக் கேட்டதில்ல," என்றாள்.

நூலகத்துக்கு எழுதியிருக்கிறாள். கேசட் முழுக்கப் பூஞ்சணம், ஓடவிட முடியாது என்று வருத்தத்தோடு பதில் வந்திருக்கிறது. அட்டையின் அடியில் இருந்த என் பெயர்தான் அவளுக்கு மிச்சம். வேறு ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். நானும் அந்த அட்டையை இணையத்தில் திறந்து பார்த்தேன். மராமாவின் சாய்ந்த கையெழுத்து. மேல் மூலையில் அந்தச் சின்ன எண். நகல் ஒன்று போயிருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இத்தனை வருஷத்தில் அது இருக்குமோ இல்லையோ.

ஆஸ்திரேலியக் காப்பகத்துக்கு எழுதினேன். அந்த எண் எங்களுடைய பழைய கணக்கு, இப்போது அதை வைத்துத் தேட முடியாது, ஃபிஜியிலிருந்து வந்த தமிழ்ப் பதிவு எதுவும் எங்கள் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. அவர்களுடைய பட்டியல் இணையத்தில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகக் கணினியில் நானே தேட ஆரம்பித்தேன். தமிழ் என்று தேடினேன்; சென்னைக் கச்சேரிகள் வந்தன. மதராசி என்று தேடினேன். துணி வகைகளைப் பற்றிய புத்தகங்கள் வந்தன. கல்யாணம், பெண்கள், அரிசி என்றெல்லாம் தேடினேன். ஊர்ப் பெயரில் தேடினேன், ஒன்றுமில்லை. இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

ஒரு நாள் மேசையில் ஒருவரிடம் புலிலேகாவுக்குப் பக்கத்து நகரமான லபாசாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. எழுதும்போது லபாசா, வாயால் சொல்லும்போது லம்பாசா. ஃபிஜிக்காரர்கள் ஆங்கில எழுத்து 'பி' எழுதினால் அதற்கு முன்னால் ஒரு 'ம்' ஒலிக்கும். ஃபிஜிக்கு வெளியே இருப்பவர்கள் காதில் கேட்டபடி எழுதியிருந்தால்? புலிலேகாவுக்கு முன்னால் ஒரு 'எம்' எழுத்தைப் போட்டுத் தட்டினேன். மூன்று பதிவுகள் வந்தன. மூன்றிலும் ஒரே வாசகம்: இந்தி, பெண்கள் பாட்டு, பாடியவர்கள் தெரியவில்லை. மராமா பட்டியலோடுதான் அனுப்பியிருப்பார். கேசட்டும் காகிதமும் எங்கேயோ பிரிந்துவிட்டன.

மூன்றில் எது என்று கேட்டால்தான் தெரியும். காப்பகத்துக்குத் தொலைபேசி செய்தேன். ஒலிப்பதிவுப் பிரிவில் இருந்த ஒருவர் எடுத்தார். குரலைக் கேட்டால் நடுத்தர வயது. விஷயத்தைச் சொன்னேன். அடுத்த நாள் மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு அவரே கூப்பிட்டார். அவருக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. நான் மராமாவின் அட்டையை எதிரில் வைத்துக்கொண்டு, பாட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேட்டேன். நாலாவது நிமிஷத்தில் சேவல் கூவுகிறதா? முதல் கேசட்டில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதை ஓடவிட்டார். நான் காத்திருந்தேன்.

கூவுகிறது என்றார். ஏழாவது நிமிஷத்தில் கரும்பு ரயிலின் ஊதல் கேட்கிறதா என்றேன். நீளமாக ஒரு ஊதல், ஒரு பெண் அதைப்போலவே ஊதிக் காட்டுகிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றார். அட்டையில் அப்படியேதான் இருந்தது. இதை எழுதியவர் யார் என்று அவர் கேட்டார். இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், இப்படி ஒரு அட்டையை நான் பார்த்ததில்லை என்றார். மராமாவைப் பற்றிச் சொன்னேன். அட்டையின் நகலை அனுப்புவதாகவும் சொன்னேன்.

ஒலிக்கோப்பு வந்ததும் ஒருமுறை முழுக்கக் கேட்டுவிட்டுக் கனடாவுக்கு அனுப்பினேன். மகள் மறுநாள் கூப்பிட்டாள். அப்பாவும் அண்ணன்களும் அவர்கள் பிள்ளைகளுமாக எல்லாரையும் வீட்டுக்கு வரவழைத்துக் கேட்டிருக்கிறார்கள். கடைசிப் பாட்டு வந்ததும் அப்பா கையைத் தூக்கி எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னாராம். முடிந்ததும் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, இது உங்கள் பாட்டி, எவ்வளவு தைரியம் பாருங்கள், வந்து நாலு மாதத்தில் நாத்தனார் வீட்டுச் சம்பந்திகளை இந்தக் கிண்டல் செய்திருக்கிறாள் என்றாராம். பிறகு அவர் என்னிடம் பேசினார்.

"அன்னிக்கு அந்த மராமா உடாமக் கேட்டாங்க. எனக்கு எரிச்சலாக்கூட இருந்துச்சு. அவங்க நல்லா இருக்கணும்," என்றார்.

பாட்டுக்கு அர்த்தம் எழுதிக் கொடுங்கள் என்று மகள் கேட்டாள். எழுதினேன். இரண்டு சொல் மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆக்லாந்தில் எனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழ் வாத்தியார் ஒருவரையும் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுத்தான் அனுப்பினேன்.

அடுத்து காப்பகத்துக்கு ஒரு திருத்தம் எழுதினேன். மொழி தமிழ். ஊர் புலிலேகா, எம் இல்லாமல். பாடியவர்கள் ஒன்பது பேர், பெயர்கள் கீழே. மாதம் திரும்புவதற்குள் பட்டியலில் மாற்றிவிட்டார்கள். அன்று மதியம் ஒன்பது பெயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்பதுக்கும் வந்தது.

அந்த வருஷக் கடைசியில் சவுசவு போனேன். மராமா படகுத்துறைக்கே வந்திருந்தார். முடி வெளுத்திருந்தது; முழங்கால் வலியால் கோல் ஊன்றி நடந்தார். வீட்டில் தேங்காய்ப்பாலில் டாலோ என்கிற சேம்பங்கீரையும் மீனும் சமைத்து வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு முன்னாலேயே கதை முழுக்கச் சொன்னேன். பாட்டைக் கேட்க வேண்டும் என்றார். கொண்டுபோயிருந்த கருவியில் ஓடவிட்டுக் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் ஒரு வார்த்தை பேசாமல், கடைசி நொடி வரை கேட்டார். சாப்பாடு ஆறிப்போயிற்று.

கழற்றியதும், அந்தக் காப்பகத்து மனிதர் தன் வேலையை விட்டுவிட்டு மூன்று கேசட்டையும் உட்கார்ந்து கேட்டாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு யாராவது நன்றி எழுதினார்களா என்றார். தொலைபேசியில் சொன்னேன் என்றேன். அது போதாது என்று சொல்லிவிட்டு, கோலை ஊன்றி எழுந்து, உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் எடுத்துவந்தார். மேசையிலிருந்த தட்டுகளை ஒதுக்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினார். உறையில் போட்டு ஒட்டி என் கையில் கொடுத்து, சுவாவில் இறங்கியதும் முதல் வேலையாக இதைத் தபாலில் போடு என்றார். பிறகு மீனைச் சூடு பண்ண அடுப்பைப் பற்றவைத்தார்.